ஐந்து அங்குலம்

மோட்டார் கடையில் முதலில் உபசரிப்பார்கள். குளிர்ந்த தண்ணீர், சுழலும் நாற்காலி, நம் பக்கம் திருப்பிவிட்ட மின்விசிறி. சுவர் முழுக்கப் படகுகளின் படங்கள். அந்தப் படங்களில் வரும் கடல் கண்ணாடி மாதிரி இருக்கும். அந்தக் கடலில் யாரும் மீன் பிடித்ததாகத் தெரியவில்லை.

மாப்பிள்ளை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். என் தங்கையின் கணவர். ஏழு வருடம் பெரிய படகுகளில் அடுத்தவருக்கு உழைத்துவிட்டு, இப்போதுதான் சொந்தமாக ஒரு படகு கட்டியிருக்கிறார். இருபத்திரண்டு அடி. தச்சுக்கூடத்தில் அதன் வண்ணம் காய்ந்துகொண்டிருந்தது. அதற்கு மோட்டார் வாங்க வந்திருந்தோம்.

என்னைக் கூட்டி வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. மோட்டார் பெட்டிக்குள் வரும் கையேட்டை அட்டை முதல் அட்டை வரை வாசிக்கிற ஒரே ஆள் இந்தத் துறைமுகத்தில் நான்தான் என்று மாப்பிள்ளை சொல்வார். பாராட்டா கிண்டலா என்று நான் கேட்டதில்லை. நான் எதையுமே அதிகம் கேட்பதில்லை. ஐஸ் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்கிறவர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் ஊமை.

டீலர் எங்களைக் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அழைத்துப் போனார். இருபத்தைந்து குதிரைசக்தி மோட்டார்கள் ஆறு, இரும்புத் தாங்கிகளில் வரிசையாகத் தொங்கின. கறுப்பு மூடி, பளபளவென்று.

"இதுதான்ணே. கண்ண மூடிக்கிட்டு எடுங்க" என்றார் டீலர்.

கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொன்னால் எனக்குக் கண் இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறக்கும். பையிலிருந்து அளவு நாடாவை எடுத்துக் குனிந்தேன். படகின் பலகையில் மோட்டார் மாட்டிக்கொள்கிற கொக்கியிலிருந்து, ப்ரொப்பெல்லருக்குச் சற்று மேலே படுக்கையாக இருக்கும் தட்டு வரை அளந்தேன். பதினைந்து அங்குலம். பக்கத்து மோட்டாரும் பதினைந்து. ஆறும் பதினைந்து.

எங்கள் படகின் பின்பலகை இருபது அங்குல உயரம். மோட்டாரைத் தாங்குகிற பலகை அதுதான். பின்னாலிருந்து துரத்தி வரும் அலைக்கும் படகில் இருக்கிற மனிதனுக்கும் நடுவே நிற்பதும் அது ஒன்றுதான்.

"இது குட்டைக் கால்" என்றேன். "ஏரிக்கும் ஆத்துக்கும் போறது. எங்களுக்கு நீளக் கால் வேணும்."

டீலர் என்னைப் பார்க்காமல் மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரித்தார். "அண்ணன் நல்லா படிச்சிருக்காரு. நீளக் கால் இருக்கு. ஆனா வர்றதுக்கு ரெண்டு மாசம் ஆகும். உங்களுக்கு எப்ப சீசன் தொறக்குது?"

"பன்னெண்டு நாள்ல" என்றார் மாப்பிள்ளை.

"பாத்தீங்களா! இத இன்னைக்கே ஏத்தி விடுறேன். அளவுதான பிரச்சன? பின்பலகைய அஞ்சே அஞ்சு அங்குலம் கீழ எறக்கிட்டா கச்சிதமா உக்காந்துரும். நம்ம மெக்கானிக் வந்து அறுத்துக் கொடுத்துருவாரு. பாதிப் படகு இப்படித்தான் ஓடுது."

மோட்டாரை விற்பவர் படகை அறுக்கச் சொல்கிறார். செருப்பு சின்னதாக இருக்கிறது, கட்டைவிரலை வெட்டிக்கொள்ளுங்கள் என்பதைப் போல. அதையும் சிரித்த முகத்தோடு, தண்ணீர் கொடுத்து, மின்விசிறியைத் திருப்பி வைத்து.

மெக்கானிக் சுவர் ஓரமாக நின்றார். காதில் பென்சில். நாலு வருடத்தில் தலை நரைத்திருந்தது. என்னை அவருக்கு அடையாளம் தெரிந்தது என்று எனக்குத் தெரிந்தது. ஏனென்றால் நான் உள்ளே வந்ததிலிருந்து அவர் தெருவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளை மோட்டாரின் மூடியைத் தடவியபடி கேட்டார். "ஓடுமா? நடுக்கடல்ல கால வாரிடாதே?"

டீலர் இதற்காகவே காத்திருந்தவர் போல நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அண்ணே, ஒரு கத சொல்றேன். நாலு வருஷத்துக்கு முன்னாடி இதே மாடல் ஒண்ணு நம்மகிட்ட போச்சு. படகு கவுந்துருச்சு. மூணு நாள் மோட்டார் உப்புத்தண்ணிக்குள்ள. நாலாம் நாள் தூக்கிட்டு வந்து, நல்ல தண்ணியில அலசி, பிளக்க மாத்தி, இதோ, இவருதான் கயித்த இழுத்தாரு. எத்தன இழுப்பு? நீங்களே சொல்லுங்க."

மெக்கானிக் தெருவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஒண்ணு!" டீலர் ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டினார். "ஒரே இழுப்பு. படகு போச்சு, ஓட்டுனவன் போயிட்டான், மோட்டார் மட்டும் சிங்கம் மாதிரி நின்னுச்சு. இதவிட என்னண்ணே நம்பிக்க வேணும்?"

ஓட்டினவன் என் தம்பி. அப்போது அவனுக்கு இருபத்தாறு வயது.

நான் அந்த ஒற்றை விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நகம் சுத்தமாக வெட்டியிருந்தது. எத்தனை பேரிடம் இந்தக் கதையைச் சொல்லியிருப்பார், எத்தனை முறை இந்த விரல் இப்படி மேலே போயிருக்கும் என்று எண்ணினேன். சொல்ல வேண்டியது எல்லாம் தொண்டை வரை வந்தது. வந்து, வழக்கம்போல அங்கேயே நின்றது. அளவு நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு வெளியே நடந்துவிட்டேன்.

மாப்பிள்ளை கால் மணி நேரம் கழித்து வந்தார். தெருவோரம் டயர் கடையின் நிழலில் நான் நின்றிருந்தேன்.

"மச்சான், அது நம்ம சின்னவன் படகா?"

"ஆமா."

அந்த வருடம் மாப்பிள்ளை தூரத்துத் துறைமுகம் ஒன்றில் வேலையில் இருந்தார். அடக்கம் முடிந்துதான் வந்து சேர்ந்தார். அலை கவிழ்த்துவிட்டது என்பது மட்டுமே அவருக்குத் தெரியும். வீட்டில் எல்லாருக்கும் அவ்வளவுதான் தெரியும்.

"அந்த ஆளு சொன்ன விதம் தப்பு. எனக்கும் பத்திக்கிட்டுத்தான் வந்துச்சு. ஆனா..." அவர் தயங்கினார். "மோட்டார் நல்ல மோட்டார்தான மச்சான்? அது நிக்கல. கடலுக்கு மோட்டார் என்ன செய்யும்?"

"வாங்கிட்டீங்களா?"

"காலைல தச்சுக்கூடத்துக்கு வருது."

"பலகைய அறுக்காதீங்க மாப்ள."

"ஏன்? ஒரு காரணம் சொல்லுங்க. ரெண்டு மாசம் ஒக்காருன்னா, ஒரு சீசனே போச்சு. எதுக்கு ஒக்காரணும்னு சொல்லுங்க. நீங்க ஒரு வார்த்த சொல்லிட்டு மூணு நாள் வானத்தப் பாத்தா நான் என்னன்னு புரிஞ்சுக்குவேன்?"

நியாயமான கேள்வி. பதில் என்னிடம் நாலு வருடமாக இருக்கிறது. நான் சாலையில் போகிற வண்டிகளைப் பார்த்தேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு நடந்தார்.

வீட்டுக்கு வந்து என் மேசை முன்னால் உட்கார்ந்தேன். தினமும் இரண்டு மணி நேரமாவது அங்கே உட்கார்ந்து ஏதாவது வாசிப்பவன் நான். அந்த மேசைக்கு ஒரு கால் குட்டை. அதற்கு முட்டுக்கொடுக்க ஒரு பலகைத்துண்டு கிடக்கிறது. நீலப் பூச்சு, ஒரு பக்கம் மட்டும் பூசாத மரம். அகலம் ஐந்து அங்குலம்.

தம்பியின் படகில் மெக்கானிக் அறுத்து எடுத்த துண்டு அது. மெக்கானிக் ரம்பம் போட்டபோது பலகை அதிராமல் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான். துண்டு என் கால் பக்கத்தில்தான் விழுந்தது. தம்பி அதை எடுத்துத் தட்டிப் பார்த்து, "அண்ணே, உன் நொண்டி மேசைக்கு வைத்தியம் ஆச்சு" என்று சிரித்தான்.

அதற்கு முந்தின நாளே நான் கையேட்டை வாசித்திருந்தேன். பதினோராம் பக்கத்தில் ஒரு படம். மோட்டாருக்காகப் பின்பலகையை உயரம் குறைத்த படகு ஒன்று. பின்னாலிருந்து ஒரு அலை. மேலே பெரிய சிவப்புப் பெருக்கல் குறி. படிக்கத் தெரியாதவனுக்கும் புரியும். எனக்குப் படிக்கவும் தெரியும். அதை அவனிடம் காட்டவில்லை. அவன் அவ்வளவு சந்தோஷமாக இருந்தான். டீலர் அவ்வளவு உறுதியாகச் சொன்னார். அறுத்த இடத்துக்கு உள்பக்கமாக ஒரு தடுப்பு போட்டுக்கொள்ளலாம் என்றார்கள், அதுவும் அப்புறம், அப்புறம் என்று தள்ளிப்போனது. இவ்வளவு பேர் சொல்லும்போது நாம் யார் குறுக்கே பேச என்று இருந்துவிட்டேன். என் மௌனத்துக்கு நான் அடக்கம் என்று பெயர் வைத்திருந்தேன்.

படகில் அவனோடு போய்ப் பிழைத்தவரை ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது இரண்டே வாக்கியம். "பின்னாலருந்து வந்துச்சு. ஏறி உள்ள வந்து ஒக்காந்துக்கிச்சு." வலை இழுக்க வேகத்தைக் குறைத்திருக்கிறார்கள். அந்த நேரம் ஒரு அலை. பிறகு இன்னொன்று. மோட்டார் கடைசிவரை ஓடிக்கொண்டுதான் இருந்ததாம். அதையும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

டீலர் கடையிலிருந்து வந்த அன்று ஒரு பக்கமும் வாசிக்க முடியவில்லை. டீலர் மேல் கோபப்பட்டேன். மெக்கானிக் மேல் கோபப்பட்டேன். படம் போட்டு எச்சரித்துவிட்டு, அதே மோட்டாரை எந்தக் கடை கேட்டாலும் அனுப்பி வைக்கிற, பெயர் தெரியாத மனிதர்கள் மேல் கோபப்பட்டேன். எல்லாரையும் சுற்றிவிட்டுக் கோபம் மேசைக்கு அடியில் வந்து நின்றது.

காலையில் மேசையை ஒரு கையால் தூக்கி, துண்டை உருவி எடுத்துக்கொண்டு தச்சுக்கூடத்துக்குப் போனேன். மேசை ஒரு பக்கமாகச் சாய்ந்து புத்தகங்கள் சரிந்தன. அப்படியே விட்டுவிட்டேன்.

கூடத்தில் அந்நேரம் யாரும் வரவில்லை. படகு கட்டைகளின்மேல் நின்றது. வெள்ளை, ஓரத்தில் பச்சைக் கோடு. பின்பலகையில் யாரோ ஏற்கெனவே பென்சிலால் கோடு போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஏணி வைத்து ஏறி, அந்தப் பலகைமேல் இருபுறமும் கால் போட்டு உட்கார்ந்தேன்.

மோட்டார் ஏற்றிய வண்டி எட்டு மணிக்கு வந்தது. மாப்பிள்ளையும் மெக்கானிக்கும் இறக்கிவைத்தார்கள். மெக்கானிக் மின்ரம்பத்தின் வயரை நீட்டிச் சொருகினார். பிறகுதான் இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"மச்சான், எறங்குங்க."

"மாட்டேன்."

"வெளையாடுற நேரமா இது?"

"இல்ல."

"அப்ப உங்களையும் சேத்துத்தான் அறுக்கணும்."

"அறுங்க."

மாப்பிள்ளைக்கு முகம் சிவந்துவிட்டது. "பொண்டாட்டியோட அண்ணன்னு பாக்குறேன். இல்லன்னா நடக்கிறதே வேற."

அப்போது தங்கை வந்தாள், கையில் டீ பிளாஸ்கோடு. வாசலிலேயே நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னண்ணே, இந்த வயசுல குதுர ஓட்டுறியா?"

"உங்க அண்ணனுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு" என்றார் மாப்பிள்ளை. "கேட்டா காரணமும் சொல்ல மாட்டாரு. நீயே கேளு."

அவள் அருகே வந்தாள். என் மடியில் இருந்த துண்டைப் பார்த்தாள். சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

"இது உன் மேசைக்கு அடியில கெடக்கிறதுல்ல? இத எதுக்கு இங்க தூக்கிட்டு வந்த?"

"இது தம்பி படகோட பின்பலக" என்றேன்.

சொல்ல ஆரம்பித்தபின் நிறுத்த முடியவில்லை. வரிசை தப்பிச் சொன்னேன். ஆஸ்பத்திரியை முதலில், பதினோராம் பக்கத்தை நடுவில், நான் அழுத்திப் பிடித்ததைக் கடைசியில். டீலர் விரலைத் தூக்கிச் சொன்ன கதையையும் சொன்னேன். துண்டை அந்தப் பென்சில் கோட்டுக்கு மேலே வைத்துக் காட்டினேன். கோடும் மேல்விளிம்பும் துண்டின் இரு ஓரத்தோடும் அப்படியே பொருந்தின. அளந்து வைத்தது போல. அளந்துதான் வைத்திருக்கிறார்கள், அதே மனிதர்கள், அதே அளவு.

மாப்பிள்ளை படகின் பக்கவாட்டில் கையை ஊன்றிக்கொண்டார். தங்கை அசையவில்லை. பிளாஸ்கை நெஞ்சோடு பிடித்திருந்தாள்.

"நாலு வருஷம்" என்றாள்.

நான் தலையசைத்தேன்.

"அன்னைக்கு நீ சொல்லியிருந்தா அவன் கேட்டிருப்பான்."

"தெரியல."

"கேட்டிருப்பான்! நீ வாயத் தொறக்கிறதே வருஷத்துக்கு நாலு தடவ. அதனாலயே கேட்டிருப்பான்." குரல் உடைந்தது, ஆனால் அழவில்லை. "கடல் எடுத்துக்கிச்சு, கடல் எடுத்துக்கிச்சுன்னு நான் நாலு வருஷமா கடலத் திட்டிட்டு இருக்கேன். நீ பக்கத்துல உக்காந்து கேட்டுட்டே இருந்த."

அவள் பதிலுக்குக் காத்திராமல் மெக்கானிக்கிடம் திரும்பினாள்.

"நீங்கதான் அதையும் அறுத்தீங்களா?"

"நான் கூலிக்குச் செய்றவன்மா. சொன்னதச் செய்றேன்."

"படகு கவுந்தது தெரியும். மோட்டாரக் கழுவி இழுத்துப் பாத்தது நீங்க. மறுபடி அதே கோட்ட இங்க வந்து போட்டிருக்கீங்க. கை கூசல?"

அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல் மறுபடி காதிலேயே செருகிக்கொண்டார். "டீலர்கிட்ட ஒரு தடவ சொன்னேன்மா" என்றார் மெதுவாக. "குட்டக்காலு தேங்கிக் கெடக்குது, நீ வேலையப் பாருன்னுட்டாரு."

தங்கை மின்ரம்பத்தின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கி, முழங்கையில் சுற்றி, அவர் கையில் திணித்தாள். "கொண்டு போங்க. மோட்டாரையும் ஏத்துங்க."

"சீசன்?" என்றார் மாப்பிள்ளை. கோபமாக இல்லை, யாரையோ தொலைத்தவர் போலக் கேட்டார்.

"போகட்டும். சீசன் அடுத்த வருஷம் திரும்பி வரும்" என்றாள். "ரெண்டு மாசம் வீட்ல உக்காந்து என் மூஞ்சியப் பாருங்க. உயிர் ஒண்ணும் போயிடாது."

டீயை மாப்பிள்ளைக்கு ஊற்றினாள். மெக்கானிக்குக்கும் ஊற்றினாள். பிளாஸ்கை மூடிக்கொண்டு போய்விட்டாள்.

மோட்டாரைத் திருப்பிக் கொண்டுபோனபோது நானும் போனேன். பேசியது நான்தான். டீலரின் முகத்துக்கு நேராக நின்று சொன்னேன்.

"நீங்க ஒரு கத சொன்னீங்களே, அத இனிமே சொல்லக் கூடாது. செத்தவன் என் தம்பி. மோட்டார் நின்னு அவன் சாகல. நீங்க அறுக்கச் சொன்ன பலகைக்கு மேல தண்ணி வந்து செத்தான்."

அவர் எழுந்து நின்றார். உண்மையாகவே பதறினார் என்றுதான் நினைக்கிறேன். "ஐயோ, தெரியாதுண்ணே. மனசுல வச்சுக்காதீங்க" என்றார். மாப்பிள்ளைக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். நீளக் காலுக்குப் பதிவு செய்துகொள்வதாகச் சொன்னார். எல்லாம் முடிந்து வாசலுக்கு வந்தபோது பின்னாலிருந்து சமாதானமாக ஒரு குரல்: "ஆனா மோட்டார் மேல குத்தம் இல்லல்ல அண்ணே? அது ஓடுச்சுல்ல?"

மாப்பிள்ளை திரும்பி அடிக்கப் போனார். நான்தான் இழுத்து வந்தேன். இழுத்து வந்தது சரியா என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

நீளக் கால் மோட்டார் ஒன்பது வாரம் கழித்து வந்தது. அந்த ஒன்பது வாரமும் மாப்பிள்ளை அடுத்தவர் வலைகளுக்கு ஈயக்குண்டு கோத்தார், என்னைப் பார்த்தால் பேசினார். தங்கை பேசவில்லை. எனக்குச் சாப்பாடு வரும், துணி துவைத்து வரும், வார்த்தை வராது. அமைதியை விரும்புகிறவன் என்று என்னை நானே சொல்லிக்கொண்டதெல்லாம் எவ்வளவு பெரிய பொய் என்று எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது தெரிந்தது.

மோட்டாரை மாட்டிய அன்று படகின் அடிப்பக்கத்தோடு ஒரு நேர்க்கோலை வைத்துப் பார்த்தேன். ப்ரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் தட்டு அடிமட்டத்துக்குச் சரியாக வந்து நின்றது. பின்பலகை இருபது அங்குலமும் முழுசாக இருந்தது. பென்சில் கோட்டை யாரும் அழித்திருக்கவில்லை. தங்கை அழிக்க விடவில்லையாம்.

படகு முதல் முறையாகக் கிளம்பியதைப் பார்த்துவிட்டு இறங்குதுறை ஓரமாகத் திரும்பி நடந்தேன். வரிசையில் ஏழாவதாக ஒரு புதுப்படகு கட்டியிருந்தது. சிவப்பு வண்ணம். பின்னால் கறுப்பு மூடி மோட்டார். அதன் பின்பலகை நடுவில் பள்ளமாக இறங்கியிருந்தது. அறுத்த விளிம்புக்கு மேலே அவசரமாகப் பூசிய சிவப்பு இன்னும் பிசுபிசுத்தது. அங்கே நின்று தண்ணீருக்கும் விளிம்புக்கும் நடுவே எத்தனை விரல் என்று பார்த்தேன். அலையே இல்லாத துறைமுகத்துக்குள் நாலு விரல்.

எங்களிடமிருந்து திரும்பிப் போன மோட்டாராக இருக்கலாம். பக்கத்தில் தொங்கிய ஐந்தில் ஒன்றாகவும் இருக்கலாம். இந்தத் துறைமுகத்தில் எத்தனை படகுகள், எத்தனை பின்பலகைகள், நான் எத்தனை நாள் தலையைக் குனிந்துகொண்டு இந்த வழியாக ஐஸ் தொழிற்சாலைக்குப் போயிருக்கிறேன்?

படகுக்குள் ஒரு ஆள் குந்தி உட்கார்ந்து எரிபொருள் குழாயைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். வீட்டுக்குப் போய் அந்தப் பலகைத்துண்டை எடுத்து வந்தேன். மேசைக்கு அடியில் அதை நான் மறுபடி வைக்கவே இல்லை.

"அண்ணே" என்றேன்.

அவர் நிமிர்ந்தார். "யாருய்யா நீ?"

"எதுத்த ஐஸ் தொழிற்சாலைல வேல பாக்குறேன்."

"ஐஸ் வேணாம். இன்னைக்குப் போகல, நாளைக்குத்தான்."

"ஐஸ் விக்க வரல. ஒரு பலக காட்டணும். அஞ்சு நிமிஷம் ஆகும், சில சமயம் நான் நடுவுல நின்னுருவேன். நின்னா கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு, அவர் வரச் சொல்வதற்கு முன்பே படகுக்குள் கால் வைத்தேன்.